யாருக்கு இந்த ஆப்பிள்?

புரட்டாசியில் புது சிம்லா ஆப்பிள் வந்திறங்கியிருந்தது. பழக்காரம்மா வழக்கம்போல் மெத்தென்ற பழமாகப் பொறுக்கவும், ஞானசேகர் தடுத்தார். "கெட்டியா, நறுக்குனு கடிக்கிற மாதிரி போடும்மா." ஏழு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்த மனைவிக்கு மசித்து ஊட்டத்தான் அவர் இதுவரை இங்கே ஆப்பிள் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆப்பிள் பையோடு மாடிப்படி ஏறியவரைக் கண்டதும் எதிர்வீட்டு ரெஜினாவின் முகம் வாடிவிட்டது. "ஐயோ சார், மறுபடியும் அட்மிட் பண்ணிட்டீங்களா?"

குரல் கேட்டு மனைவி வேதவல்லியே கதவைத் திறந்தாள். வீடு திரும்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பையைப் பார்த்ததும் அவளும் பதறினாள். "ஆப்பிளா? யாருக்குங்க உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. சீசன் பழம், சும்மா தின்னத்தான்."

வேதவல்லி ஒன்றை எடுத்து, முந்தானையில் துடைத்து, நறுக்கென்று கடித்தாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல." சொல்ல நன்றாக இருந்ததால் அவர் இன்னொரு தடவையும் சொன்னார்.