சுவரில் விழுந்த காவிக் கோடு

ஊர்க்கதையைப் பழைய கோட்டைச் சுவரில் வரைய மக்கள் கூடி வந்தார்கள். முதலில் விரிசல்களைச் சுண்ணாம்பால் அடைக்கத் தொடங்கினார்கள். ஒரு விரிசலுக்குள் பல்லியின் இரண்டு முட்டைகள் இருந்தன.

"வேற சுவரா இல்ல? கிளம்புடி," என்று பல்லியிடம் சொன்னது பக்கத்தில் வலை கட்டியிருந்த சிலந்தி.

"பிள்ளைங்கள விட்டுட்டா அக்கா?"

சுண்ணாம்புக் கரண்டி பக்கத்து விரிசலுக்கே வந்துவிட்டது. பல்லி, ஓவியத்துக்காக வைத்திருந்த காவிச் சாயத்தில் வாலை நனைத்து, தன் விரிசலைச் சுற்றிக் கோடு இழுத்தபடி ஊர்ந்தது.

"நிறுத்துங்க. இங்க பழைய ஓவியம் இருக்கு," என்றார் ஒருவர்.

"ஈரமா இருக்கே?"

"பழைய சுவர் கசியும்ங்க."

அது ஆறு என்றார்கள் சிலர். இல்லை, ராஜா போன பாதை என்றார்கள் மற்றவர்கள். சண்டை முற்றியதில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"பிழைச்சிட்டே, போ," என்றது சிலந்தி. பல்லிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"எதுவா இருந்தா என்ன, நம்ம சொத்து. கண்ணாடி போட்டு மூடிடலாம்," என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் கைதட்டினார்கள்.

கண்ணாடி வந்தது. பல்லி விரிசலுக்குள் ஓடியது.

"வெளிய வாடி, ஆணி அடிக்கிறாங்க," என்று சிலந்தி கத்தியது.

பல்லி முட்டைகளை அணைத்துப் படுத்துக்கொண்டது.