சேமித்த முழங்கால்

குன்னூரில் தேவசகாயமும் அவர் மனைவி ரோஸ்லினும் ஒரே நாளில் புது முழங்கால் பொருத்திக்கொண்டார்கள். வலி போய்விட்டது. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மடக்கலாம் என்பதை இனி முழங்கால்தான் முடிவு செய்யும்.

பனிக்காலம் முழுக்க தேவசகாயம் காலை மடக்கவேயில்லை. வசந்தத்தில் டேலியா கிழங்கு நடுவதற்காக, தினசரி மடக்கும் கணக்கு மொத்தத்தையும் சேர்த்து வைக்கிறாராம். ஜெபத்துக்குக்கூட முழங்காலிடவில்லை, கர்த்தருக்குத் தோட்டக்காரர்களின் கஷ்டம் தெரியாதா என்ன. கீழே விழுந்த சாக்ஸ், ஸ்பூன், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் ரோஸ்லின்தான் முழங்காலை மடக்கிக் குனிந்து எடுத்தாள்.

"இடுப்பு விட்டுப்போச்சுங்க" என்றால், "வசந்தம் வரட்டும், அப்புறம் என்னைப் பாரு" என்பார்.

வசந்தம் வந்தது. ஒரு கையில் வெயிலுக்குக் குடையும் மறு கையில் கிழங்குக் கூடையுமாகப் பாத்திக்குப் போய், தேவசகாயம் கம்பீரமாகக் குத்தவைக்கப் பார்த்தார். கால் மடங்கவில்லை. முழங்கால் பணிவாகப் பேசியது: "நீங்கள் நெடுநாள் மடக்காததால், தேவையில்லை எனக் கருதி அந்த வசதியை நீக்கிவிட்டோம். நன்றி."

அவர் கூடையை மனைவியிடம் நீட்டினார். தினமும் மடங்கிப் பழகிய ரோஸ்லினின் முழங்கால் சுலபமாக மடங்கியது. கூடையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த விதைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"டேலியா கெடக்கட்டும். நான் பீட்ரூட் போடப்போறேன். நிக்கிறதுதான் உங்களுக்கு நல்லா வருதே, அந்தக் குடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிங்க."