கட்டாயம் நிரப்ப வேண்டியவை

என் வெப்சைட்டைத் தொடங்கிய பத்தாவது நாள் காலை பதினொரு மணிக்கு அதில் முதல் ஆர்டர் வந்தது.

போன் அதிர்ந்த வேகத்தில் கையிலிருந்த ஊசி எங்கோ விழுந்துவிட்டது. தேடவில்லை. போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் போய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன்.

ஆர்டர் வந்தால் துள்ளிக் குதிக்கிற ஜென்மம் நான் இல்லை. வீட்டை விட்டு வந்த இந்த ஐந்து மாதமாக எது வந்தாலும் என் கை முதலில் தாழ்ப்பாளுக்குத்தான் போகிறது.

என் மகளின் அப்பாவுக்கு நாங்கள் இருக்கும் இடம் தெரியக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பெரிய துணியைப் பிடித்துச் சிறியதாக்குவது, சின்னதைப் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது, இதுதான் என் தொழில். வாசலில் ஒரு போர்டு மாட்டினால் ஒரே வாரத்தில் நாலு பேர் வருவார்கள். ஆனால் போர்டைப் போகிறவர் வருகிறவர் எல்லோரும் படிப்பார்கள்.

வெப்சைட்டையும்தான் படிப்பார்கள் என்றாள் கீழ் வீட்டு அக்கா. எங்களுக்கு மாடி அறையைத் திறந்துவிட்ட புண்ணியவதி. அதைப் படித்துவிட்டு யாரும் என் கதவைத் தட்ட முடியாதே என்றேன்.

இலவச டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து நானே கட்டினேன். அது கேட்காத கேள்வி இல்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதுகூட இத்தனை கேட்கவில்லை.

உரிமையாளர் பெயர்? விட்டுவிட்டேன். உரிமையாளர் படம்? கத்தரிக்கோலின் படத்தைப் போட்டேன். முகவரி? அதுவும் காலி. வேலையைக் காட்ட, நான் தைத்த துணிகளின் படம் மட்டும் நாலைந்து போட்டேன். 'எங்களைப் பற்றி' பக்கத்தில், நாங்கள் அனுபவம் மிக்க குழு என்று கூசாமல் எழுதினேன். குழு என்றால் நானும் ஒரு தையல் மிஷினும்.

"மூஞ்சியே இல்லாத கடைக்கு யாரும்மா துணியத் தருவா?" என்றாள் அக்கா.

ஒருவரும் தரவில்லைதான். பாவம் பார்த்து அக்கா தன் ஆபீஸ் ஆட்களுக்கு லிங்க்கை அனுப்பினாள். அவர்கள் யார் யாருக்குத் தள்ளிவிட்டார்களோ, அதை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரும் வரவில்லையே என்று கொஞ்ச நேரம் கவலைப்படுவேன். யாராவது வந்துவிடுவார்களோ என்று மிச்ச நேரம் பயப்படுவேன்.

போனைத் திருப்பினேன்.

பெயர் என்ற இடத்தில் வெறும் புள்ளி. 'தேவையான வேலை' என்ற இடத்தில் மட்டும் நீளமாக எழுதியிருந்தது.

"ஏழு வயசுப் பொண்ணுக்கு ஒரு கவுன். மஞ்சள் கலர். அளவு உனக்கே தெரியும். எங்கயும் அனுப்ப வேணாம், பட்டுக்குட்டிக்கே போட்டு விடு."

என் மகளைப் பட்டுக்குட்டி என்று கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். என் மாமியார்.

அந்த வீட்டில் நான் இருந்த எட்டு வருடத்தில் எனக்காக அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் அறையில் சத்தம் கேட்டால் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றால் மகனுக்கும் தெரிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

அப்போதுதான் ஆர்டரில் கீழே இன்னும் எழுதியிருப்பதைக் கவனித்தேன்.

"யாரோ அனுப்புன லிங்க்ல பாத்தேன். பட்டன இப்படி ரெண்டு சுத்து சுத்தித் தைக்கிறவ நீதான். மூணாவது படத்துல, பின்னாடி இருக்கிற கண்ணாடியில உன் மூஞ்சி பாதி தெரியுது. அவன் கண்ணுல படறதுக்குள்ள எடுத்துடு. நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன். பத்திரமா இருங்க."

மூன்றாவது படத்தைத் திறந்தேன். தையல் சுத்தமாகத் தெரிகிறதா என்று நூறு தடவை பார்த்த படம். கண்ணாடியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அதில் நான் இருந்தேன், ஒரு கண்ணும் பாதி வாயுமாக.

அழித்தேன். அழிந்துவிட்டதா என்று மூன்று முறை பார்த்தேன்.

பிறகு செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். எட்டு வருடம் பேசாததை அந்த அம்மா ஓர் ஆர்டர் ஃபாரத்தில் பேசிவிட்டார். அவரை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். மஞ்சள் துணி கைவசம் இருந்த ஞாபகம். நாளைக்கே வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை இன்னொரு தடவை படிக்கப் போனேன்.

ஆர்டருக்குக் கீழே பச்சை எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்பப்பட்டது. 11.02.'

அந்த ஏற்பாடு என்னுடையதுதான். முகவரியை ஊருக்கே காட்டாமல், ஆர்டர் கொடுப்பவருக்கு மட்டும் ஈமெயிலில் தானாகப் போகும்படி செய்திருந்தேன். துணியைக் கொண்டுவந்து தர வேண்டுமே. கதவு எண், தெரு, மாடிப்படி எந்தப் பக்கம் என்பதுவரை அதில் எழுதியிருந்தேன். அதற்காகவே ஈமெயில் கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று வைத்தேன். செய்து முடித்த அன்று அக்காவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

மாமியாருக்கு ஈமெயில் என்று ஒன்று கிடையாது. மகன் கழித்துப் போட்ட பழைய போனைத்தான் வைத்திருக்கிறார். கட்டத்தைத் தொட்டதும் போன் தானாகவே நிரப்பிக் கொடுத்திருக்கும்.

விரலால் மெதுவாக மேலே தள்ளிப் பார்த்தேன்.

ஈமெயில் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது.