காவலுக்கு இருந்த ஊசி

சந்தைக் கடை ஒன்றில், துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை விலைக்குக் கிடந்தது. மேல்பக்கம் மட்டும்தான் முடிந்திருந்தது. பஞ்சும் வைக்கவில்லை, அடித்துணியும் இல்லை. தைத்தவள் பாதியில் விட்ட இடத்தில் ஊசி துருவேறி நின்றது.

"என்னை வாங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்?" என்று போர்வை நடுங்கியது.

"உடம்பு முழுக்கக் குத்தித் தைப்பார்கள். நான் செய்த வேலைதானே, எனக்குத் தெரியாதா? பயப்படாதே, நான் இருக்கிறேன்," என்றது ஊசி.

ஒரு கர்ப்பிணி வந்தாள். "பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஆகும். மீதியை நானே தைத்துக்கொள்கிறேன்," என்று ஆசையாக எடுத்தாள். ஊசி அவள் விரலில் ஏறியது. "ஐயோ, துருப்பிடித்த ஊசி," என்று போட்டுவிட்டுப் போனாள். அடுத்து வந்த தையல்காரரும் விரலைச் சப்பிக்கொண்டே போனார். ஒவ்வொரு முறையும் போர்வை ஊசிக்கு நன்றி சொன்னது.

மழை ஓய்ந்த ஒருநாள், லாரிப் பட்டறைக்குத் துணி வாங்குகிறவன் வந்தான். "கிழித்தால் எண்ணெய் துடைக்க ஆகும். இதையும் எடையில் போடுங்கள்," என்றான்.

"குத்து, சீக்கிரம் குத்து," என்று போர்வை கதறியது.

ஊசி தன் பலத்தையெல்லாம் கூட்டிக் குத்தியது.

அவன் தடித்த தோல் கையுறை போட்டிருந்தான்.