இன்னொரு கால் செருப்பு

இறந்துபோன மகனை ஜெயசீலனும் மனைவி எஸ்தரும் ஒரே செயலியில்தான் கனவு காண்கிறார்கள்.

"என் போன்ல கனவு கடைசிவரைக்கும் ஓடுது. இவ போன்ல மட்டும் பாதியில நின்னுடுதும்மா" என்றார் ஜெயசீலன்.

செயலியை எழுதிய பெனிட்டா, உறங்கும் எஸ்தரின் போனை மடிக்கணினியில் இணைத்து, எடிட்டரில் நிரலை வரிவரியாக ஓட்டினாள். திரையில் கனவு விரிந்தது: மஞ்சள் வெயில் படர்ந்த வாசலில் பையன் ஒரு கால் செருப்பை மாட்டினான். கனவு நின்றது. திரையில் பிழை எதுவும் இல்லை. எஸ்தரின் விரல்கள் மட்டும் சட்டை நுனியைப் பற்றியதுபோல் மடங்கியிருந்தன.

"நிரல்ல தப்பே இல்லையே சார்" என்றபடி பெனிட்டா அடுத்த வரிக்குப் போக விசையைத் தொட்டாள்.

கண் திறக்காமலே எஸ்தர் முணுமுணுத்தாள்.

"வேண்டாம்மா. நான்தான் புடிச்சு வச்சிருக்கேன். இன்னொரு செருப்பையும் மாட்டிட்டா கிளம்பிடுவான்."