கேட்டுக்கு அடிக்கும் பச்சை

இப்போதெல்லாம் சுவருக்கு யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. வேண்டிய நிறத்தைக் கண்ணில் மாட்டும் லென்ஸே காட்டிவிடும். ஒரே ஹால் பூங்கோதைக்கு ரோஜா நிறம், புருஷன் தணிகைவேலுக்கு நீலம்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு பூங்கோதைக்கு லென்ஸ் இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் பார்ப்பதெல்லாம் வெறும் சிமெண்ட். மூலையில் ஓதம்.

"லென்ஸ்ல ஹாலுக்குத் தேக்குப் பலகை போட்டுட்டேன், எப்படி இருக்கு?" என்றான் அவன்.

"எனக்கு எங்கங்க தெரியுது?"

"சும்மா நினைச்சுப் பாரேன்."

பத்து நாள் நினைத்துப் பார்த்தாள். பதினோராம் நாள், துருப்பிடிக்காமல் இருக்கக் கேட்டுக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்டை வாங்கிவந்து, கை எட்டும் உயரம்வரை அடித்தாள்.

மாலையில் வந்தவன் பலகை என்று நினைத்துச் சுவரில் சாய்ந்தான். சட்டை முதுகெல்லாம் பச்சை.

"என்னடி இது?"

"சுவருங்க."

லென்ஸைக் கழற்றிவிட்டுச் சுற்றிலும் பார்த்தான்.

"இதுக்குள்ளயா இருக்க?"

"நீங்களுந்தான்."

பச்சையை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அதுக்காக கேட்டுப் பச்சையா? மஞ்சள் வாங்கக் கூடாதா?"

"மஞ்சள்ல அழுக்கு தெரியும்."

"தெரியட்டுமே!"

கல்யாணமாகி ஏழு வருடத்தில், இருவரும் ஒரே சுவரைப் பார்த்துச் சண்டை போட்டது அன்றைக்குத்தான்.