குட்டி ஒளிய ஓர் இடம்

நாய்க்குட்டியின் உயரத்துக்கு இறங்கி வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அந்தத் தாளில் போட்டிருந்தது. அதனால் நானும் என் மகளும் கைகளையும் கால்களாக்கிக் கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்தோம்.

தாளை அனுப்பியவர் குட்டியைத் தரப்போகிற பெண்மணி. கண்டிப்பானவர். பெண்ணைக் கட்டிக் கொடுப்பவர்கள்கூட மாப்பிள்ளை வீட்டைப் பற்றி இத்தனை விசாரிக்க மாட்டார்கள்.

தாளோடு குட்டியின் புகைப்படமும் வந்திருந்தது. முகத்தைவிடக் காது பெரிது.

மகளுக்கு எட்டு வயது. நாங்கள் அவளைச் சுண்டெலி என்போம். இருக்கிற இடம் தெரியாத பிள்ளை. அது வேண்டும் இது வேண்டும் என்று அடம்பிடித்ததே இல்லை. நாய்க்குட்டிகூட அவள் கேட்டதல்ல, நாங்களாகக் கொடுப்பது.

நாளை ஞாயிற்றுக்கிழமை குட்டி வருகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் இந்த வீட்டைவிட்டுப் போகிறேன்.

வாடகைக்கு ஓர் அறை பார்த்து வைத்தாயிற்று. குட்டி அவளோடு ஒரு வாரம் ஒட்டிப் பழகட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். வெகு நாளைக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அது.

இன்னொன்றிலும் எப்போதுமே ஒத்துப்போவோம். எங்கள் சண்டை பிள்ளைக்குத் தெரியக் கூடாது. அவள் தூங்கிய பிறகு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஆரம்பிப்போம். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் வீட்டுச் சுவர் நல்ல தடிமன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

டிவிக்குப் பின்னால் தொங்கிய வயர்களைச் சுருட்டிக் கட்டினேன். செருப்புகள் பரண் ஏறின. பினாயில் பாட்டிலும் அவற்றோடு மேலே போனது. சோபாவுக்கு அடியிலிருந்து சுண்டெலி ஒரு பொத்தானையும் இரண்டு பேனா மூடிகளையும் பொறுக்கி எடுத்தாள்.

தவழ்வது எனக்குப் புதிதல்ல. காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதம் மதிப்பிடுவது என் வேலை. எரிந்த கடை, தண்ணீர் புகுந்த கிடங்கு என்று போய், எங்கே ஆரம்பித்தது, எத்தனை நாளாக இருக்கிறது, எவ்வளவு போயிற்று என்று எழுதிக் கொடுப்பேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று அலுவலகத்தில் பேர்.

அடுத்தது மருந்துப் பெட்டி. குட்டிக்கு அடிபட்டால் துடைக்கப் பஞ்சு வேண்டும். பெட்டியில் பஞ்சு இல்லை. போன மாதம்தான் முழுச் சுருள் ஒன்று வாங்கியிருந்தேன்.

"நான் தொடவே இல்ல. என்னைப் பாக்காதீங்க" என்றாள் சமையலறையிலிருந்து மனைவி.

பஞ்சுக்காக ஏற்கெனவே இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறோம். ஒன்றுமில்லாததை ஊதிப் பெரிதாக்குவது எங்களுக்குக் கைவந்த கலை. பதில் சொல்ல வாயைத் திறந்தவன், சுண்டெலி பக்கத்தில் இருப்பதைப் பார்த்துச் சிரித்து மழுப்பினேன். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளில் கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. பயந்தால் ஒளிந்துகொள்ளக் குட்டிக்கு ஓர் இடம் வேண்டும். சத்தம் எட்டாத மூலையாக இருந்தால் நல்லது.

ஜன்னலடியைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். சாப்பாட்டு மேசைக்குக் கீழே? அதற்கும் தலையாட்டினாள்.

"அங்கெல்லாம் கேக்கும்ப்பா."

தெருவில் போகிற வண்டிகளைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். கட்டிலுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போய்விட்டாள். நானும் பின்னாலேயே ஊர்ந்தேன். அந்தப் பக்கம், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. என் தலையும் ஒரு தோளும் மட்டும்தான் உள்ளே போயின.

கட்டிலுக்கு அடியில் வந்த வழியெல்லாம் தூசி. இங்கே மட்டும், ஒரு பிள்ளை உட்காரும் அளவுக்குத் தரை சுத்தமாக இருந்தது. மடித்த பழைய போர்வை ஒன்று கிடந்தது.

சுவரில் எண்ணெய்க் கறை. தலை சாய்ந்து சாய்ந்து பட்ட கறை.

ஒன்றல்ல, இரண்டு. ஒன்று தாழ்வாக, மங்கிப்போய். இன்னொன்று அதற்கு ஒரு சாண் மேலே.

கறையைப் பார்த்துக் காலம் சொல்வது என் தொழில். நான்கு வருடம் இருக்கும். அந்தக் கீழ்க்கறைக்கு நேராக அவள் தலை இருந்த வயதை நினைத்தேன். அங்கிருந்து பின்னால் நகர முடியவில்லை.

சுண்டெலி போர்வை மடிப்புக்குள் கைவிட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே விரல் நுனி அளவுக்கு உருட்டிய இரண்டு பஞ்சுகள். அழுக்கேறி, காதின் வடிவத்துக்கே வந்திருந்தன. அவற்றை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு யோசித்தாள்.

"குட்டிக்குக் காது பெருசுப்பா, இது பத்தாது. ஒரு வாரத்துக்குத்தானே, கொஞ்சம் கூடவே வாங்கிட்டு வாங்க."